புலால் மறுத்தலும் பிணியுற்ற உடலும்: உச்சமுனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புலால் மறுத்தல் பற்றித் தமிழில் எழுந்த அறநூற் கருத்துகளுட் பெரும்பாலானவை மருதநிலத்தின் பார்வையைக் கொண்டவை. நெல்லும் பயறும் பாலும் நெய்யும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் கொல்லாமையைப் பேசுதல் எளிது. மணல் மட்டுமே உள்ள ஓரிடத்தில் நின்று அவ்வறத்தை நோக்கினால் அது எவ்வாறு தோன்றும் என்பதே இக்கட்டுரையின் வினா.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் குடாநீருமாக ஒடுங்கி நீண்டு கிடக்கும் உச்சமுனை அத்தகைய இடம். அங்கே வயலில்லை. அரிசியும் மரக்கறியும் படகேறி வரவேண்டும். கரையிற் கிடைப்பது மீன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பாற்சுறாவை வறைசெய்து கொடுப்பது நமது கரையோரங்களின் பழைய வழக்கம். இங்கு மீன் சுவைக்காக உண்ணப்படுவதன்று. உணவும் மருந்தும் கூலியும் அதுவே. இக்கரையோரத்திற் பெருவழக்கான கத்தோலிக்க சமயம் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கியதேயன்றி மீனை விலக்கவில்லை. நோயாளருக்கு அவ்விலக்கிலிருந்தும் விடுதலை அளித்தது. மீனவனைப் பொறுத்தவரை அவ்வொறுத்தல் அவனது கலத்தை மாற்றவில்லை என்பதும், சந்தையில் அவனது மீனுக்குத்தான் விலையேற்றியிருக்கும் என்பதும் சுவையான செய்திகள்.

சைவ மரபின் நிலை வேறு. ஆறுமுக நாவலர் (1822-1879) வகுத்த ஒழுக்கநெறியில் புலாலுண்ணாமை சமயத் தூய்மையின் அடையாளமாயிற்று. யாழ்ப்பாணச் சமூக அமைப்பில் அது சாதிமேன்மையின் அடையாளமாகவும் தொழிற்பட்டது. அந்நெறியில் வளர்ந்த எனது பெரியம்மா ஒருவர், இருதய நோய்க்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மீனெண்ணெய் மாத்திரைகளை நாள்தோறும் திருநீறு பூசியபின் விழுங்குவார். அதன் உறையும் விலங்கின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ பெறப்படுவது என்பதை நான் அவருக்குச் சொன்னதில்லை. போலித்தனம் என்று அவரைக் குற்றஞ் சாட்டுதல் எளிது, சரியன்று. நோய் வந்தவிடத்து அறம் தன்னை எவ்வாறு இளக்கிக்கொள்கிறது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் தமிழ்ப்பகுதியைப் பட்டினப்பாலையிலிருந்து தொடங்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இப்பாட்டு ஓரிடத்தில், சுட்ட இறாலையும் புழுக்கிய வயலாமையையும் உண்டு மகிழும் பரதவரைக் காட்டுகிறது. பிறிதோரிடத்தில் கொலையைக் கடிந்த உழவரின் சிறப்பைப் பேசுகிறது. அவர்தம் அறத்தின் விளைவாக வலைஞர் முற்றத்தில் மீன்கள் அச்சமின்றிப் பிறழ்கின்றன. ஊன் விற்போர் குடிலில் விலங்குகள் வந்து கூடுகின்றன. அழகிய காட்சி. ஆனால் முற்றத்தில் மீன் பிறழ்ந்துகொண்டிருந்த நாளில் அவ்வலைஞர் குடி எதை உண்டது? பாட்டு அதைச் சொல்லவில்லை. கொல்லாமை ஏருடையோரின் புண்ணியமாகவும் வலையுடையோரின் இழப்பாகவும் அமைந்திருப்பதைப் புலவர் அறியாமலே பதிவுசெய்துள்ளார் எனலாம்.

வள்ளுவர் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தார். புலான் மறுத்தல் அதிகாரத்தில் அருளைப் பேசும் குறள்களுக்கிடையே, தின்பதற்காகக் கொள்வார் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்ற கருத்து வருகிறது. இது கருணையின் மொழியன்று, சந்தையின் மொழி. குற்றத்தைக் கொல்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு மாற்றும் வாதமாதலின், தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனை உண்ணலாம் என்ற பௌத்த விதிக்கு இது நேர்எதிரானது. நீலகேசியின் சமண ஆசிரியர் பௌத்தரோடு மோதிய களங்களுள் ஒன்றும் இதுவே.

எனினும் பிணியுற்ற உடலைப் பற்றி மிக வெளிப்படையாகப் பேசியவர்கள் பௌத்தரே. கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஏட்டிலேற்றப்பட்டதாக மரபு கூறும் பாளி நூல்களுள் ஒன்றான விநய பிடகம், மருந்துகளுக்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. மீன், பன்றி, கரடி முதலியவற்றின் கொழுப்பும் நோயாளருக்கு அனுமதிக்கப்படுகிறது. அவ்வியலில் சுப்பியை என்ற பெண்ணின் கதை வருகிறது. வாரணாசியில் பேதி மருந்துண்டு தளர்ந்த பிக்கு ஒருவர் இறைச்சிச் சாறு வேண்டுகிறார். சுப்பியை பணியாளை அனுப்புகிறாள். நகரெங்கும் இறைச்சியில்லை, ஏனெனில் அன்று கொலைவிலக்கு நாள். வாக்குப் பிழைக்கலாகாதென்று தன் தொடையை அரிந்து சாறு வைத்தனுப்புகிறாள். செய்தியறிந்த புத்தர் அப்பிக்குவைக் கடிந்து, மனித ஊனை உண்ணலாகாதென்றும், இன்னதென விசாரியாது எவ்விறைச்சியையும் உண்ணலாகாதென்றும் விதிக்கிறார்.

சுப்பியையின் பக்தியைப் போற்றுவதற்கே இக்கதை பெரிதும் எடுத்தாளப்படுகிறது. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. விலங்குகளைக் காக்க நகரம் ஓர் அறத்தை ஆணையாக்கிய நாளில், நோயாளனின் தேவை மறையவில்லை; அதன் விலையை ஒரு பெண்ணின் உடல் கொடுத்தது. அறத்தையும் நலத்தையும் தராசிலிடும்போது யாருடைய உடல் தட்டில் ஏறுகிறது என்று கேளாதவரை அந்த நிறுவை நேர்மையானதன்று.

சமண மரபு எதிர்த்திசையில் ஒரு கதையைத் தருகிறது. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த குணபத்திரரின் உத்தரபுராணத்தில் கதிரசாரன் என்ற வேடன் வருகிறான். பின்னைப் பிறப்பில் மகத மன்னன் சிரேணிகனாகப் பிறப்பவன். ஊனுண்பதை முற்றாகக் கைவிட இயலாத அவனிடம், முனிவர் காக்கையிறைச்சியை மட்டும் விடுமாறு கேட்கிறார். அவனும் இசைகிறான். பின்னர் நோயுறுகையில், காக்கையிறைச்சியே மருந்தென்கின்றனர் வைத்தியர். உற்றார் வற்புறுத்தியும் அவன் மறுத்து உயிர் துறந்து விண்ணுலகு சேர்கிறான். விரதத்தின் உறுதியைக் காட்டும் கதை இது என்பர். முனிவரின் தொடக்கக் கோரிக்கையே என் கவனத்தை ஈர்க்கிறது. வேடனிடம் அவர் வேட்டையை விடச் சொல்லவில்லை. அவன் பிழைப்புக்குத் தேவைப்படாத ஒன்றையே விடச் சொன்னார். உற்பத்தி முறைமை விதிக்கும் எல்லையை அச்சமணமுனி நன்கறிந்திருந்தார்.

இவ்வேறுபாட்டோடு உச்சமுனைக் கடலுக்கு மீள்வோம். இங்கே பிழைப்புக்கான ஊனும் உண்டு. ‘மருந்து’ எனப்படும் ஊனும் உண்டு. பின்னது ஆமையும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவும். கடலாமையின் இரத்தத்தை மூலத்துக்கும் இழுப்புக்கும் மருந்தென்று குடிக்கும் வழக்கம் தூத்துக்குடிக் கரையிற் பதிவாகியுள்ளது. ஆவுளியா இறைச்சி உடலுக்கு வலுவும் வீரியமும் தருமென்ற நம்பிக்கை மன்னார்க் கடலின் இருகரையிலும் பரவியது. இவற்றை மருந்தென நிறுவும் சான்று எதுவுமில்லை. எதிர்ச்சான்று உண்டு: 1840 ஒக்ரோபரில் பாணந்துறையில் ஆமையிறைச்சி உண்ட 28 பேருள் 18 பேர் அன்றிரவே மாண்டனர் என எமர்சன் ரெனன்ற் 1861ஆம் ஆண்டின் நூலில் எழுதியுள்ளார். தப்பியோர், இறைச்சி வழமையைவிடக் கொழுப்பாயிருந்ததன்றி வேறெதையும் உணர்ந்திலர்.

அதே நூலில் ரெனன்ற், கற்பிட்டிக் குடா முதல் ஆதாம் பாலம் வரையான அமைதியான நீர்நிலைகளை ஆவுளியா பெருந்தொகையில் நாடுவதாகக் கூறுகிறார். இன்று அதனைக் காண்பது அரிது. கடற்புல்லை மேயும் இவ்விலங்கு ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரு கன்றை மட்டுமே ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். 1970களின் தொடக்கத்திலேயே இலங்கைச் சட்டம் ஆவுளியாவையும் கடலாமைகளையும் பாதுகாத்தது. பின்னரும் இறைச்சி மறைவாகக் கைமாறியதுண்டு.

மறைவில் விற்பவனை மட்டும் நோக்குவது சட்டத்தின் இயல்பு. திருக்கைக்கும் சுறாவுக்கும் விரித்த வலையில் சிக்கிய ஆவுளியா, மேலெழுந்து மூச்செடுக்க முடியாமல் இறந்துவிடும். விடியலில் அதைக் காணும் மீனவன் சம்மாட்டியின் கடனிலும் எரிபொருட் கடனிலும் மூழ்கியவனாக இருப்பான். பல நூறு கிலோ எடையுள்ள உடல் ஒன்று, வாரக்கணக்கான உழைப்பின் கூலியாக, அவன் வலையில் கிடக்கிறது. சட்டத்திற்கஞ்சிப் புதைத்தால் அந்தக் கூலி புதைகிறது. விற்றால் அவன் குற்றவாளி.

சூடையையும் சுறாவையும் விடு என்று உச்சமுனையில் ஒருவர் சொல்வாராயின் அது பட்டினிக்கான அழைப்பு. பால் சுரக்கவேண்டிய தாய்க்கு அது அழைப்புமன்று, தண்டனை. ஆவுளியாவை விடு என்பதோ கதிரசாரனிடம் காக்கையிறைச்சியைக் கேட்டது போன்றது. ஆனால் அவ்வேடன் காக்கையை விற்றுக் கடனடைத்தவனல்லன். ஆகையால் அந்த விரதத்தை முதலிற் கேட்கவேண்டிய இடம் மீனவனின் வாடியன்று. வீரியம் வேண்டி விலை கொடுப்பவன் வீட்டுவாயிலில், வள்ளுவர் சுட்டிய அந்தக் கொள்வாரிடம், அது கேட்கப்படவேண்டும்.