சார்த்தர் பேராலயத்துச் சுற்றுவழி

பிரான்சு தேசத்திலே, பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே அமைந்த சார்த்தர் என்னும் ஊரின் பேராலயத்துட் புகுவோர், தம் காலடியிலே கல்லிற் பதித்த ஒரு பெருவட்டத்தைக் காண்பர். ஏறத்தாழ 13 மீற்றர் விட்டமுடைய அவ்வட்டத்துள், 11 வளையங்களாக மடங்கி மடங்கிச் செல்லும் பாதையொன்று நடுவிடத்தை அடைகின்றது. அதன் நீளம் 260 மீற்றருக்குச் சற்று அதிகம். இதனை லபிரிந்து என்பர். வழி தவறச் செய்யும் புதிரன்று இது. கிளைவழி ஒன்றேனும் இல்லை. நடுவை நெருங்கிவிட்டோம் என்று எண்ணும்போது பாதை நம்மை விளிம்புக்குக் கொண்டு செல்லும். எனினும் நடையை நிறுத்தாதவர் நடுவைச் சேர்தல் உறுதி.

இது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. 1187இல் எருசலேம் சலாஹுத்தீன் வசமாயிற்று. அந்நகருக்குச் செல்லவியலாத அடியார்கள் இவ்வழியை முழந்தாளில் ஊர்ந்து யாத்திரைப் பயனைப் பெற்றனர் என்று வழிகாட்டி நூல்கள் பல கூறும். கேட்க இனிய கதைதான். ஆனால் சரித்திரம் கற்போர் சான்று எங்கே என்று கேட்க வேண்டுமல்லவா? மத்திய காலத்து ஆவணம் எதுவும் இதனைச் சொல்லவில்லை. ‘எருசலேம் வழி’ என்னும் பெயரும் பிற்காலத்து வழக்கே.

சான்றுள்ள செய்தியோ இதனினும் வியப்பானது. ஓசேர் நகரப் பேராலயத்தில், உயிர்ப்புத் திருநாளை ஒட்டி, குருமார் கைகோத்து லபிரிந்தைச் சுற்றி நடனமாடினர். அவர்தம் தலைவர் ஒரு பந்தை ஆடுவோருக்கு எறிந்தும் திரும்பப் பெற்றும் தாமும் உடனாடினார். உயிர்ப்புக் கீதம் இசைக்கப்பட்டது. நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கலாம். 1538இல் அதனைத் தடுத்தவர்களும் அவ்வாறே சுளித்திருப்பர். ஆயினும் அதன் கருத்து ஆழமானது. கிரேக்கர் கதையிலே தீசியஸ் என்னும் வீரன் லபிரிந்தினுட் புகுந்து, காளைத்தலை அரக்கனைக் கொன்று மீண்டான். கிறிஸ்து மரணத்தினுட் புகுந்து மீண்டதற்கு அக்காலத்தார் அதனை உவமையாக்கினர். சார்த்தரின் நடுவிலிருந்து 1792இற் பெயர்த்தெடுக்கப்பட்ட உலோகத் தகட்டிலும் அவ்விருவர் உருவமே இருந்ததாகப் பழைய வருணனை ஒன்று கூறுகின்றது. ஆகவே, அன்று அவ்வழி தவத்தைக் காட்டிலும் வெற்றியையே குறித்தது எனல் பொருந்தும்.

பின்வந்தோர் இப்பொருளை மறந்தனர். ரீம்ஸ் பேராலயத்து லபிரிந்தின்மேல் சிறுவர் ஓடியாடி வழிபாட்டைக் குலைக்கின்றனர் என்று, 1779இல் அங்குள்ள குருமாரே அதனைப் பெயர்த்தெறிந்தனர். (பாடசாலை அதிபராயினும், என் அநுதாபம் சிறுவர் பக்கமே.)

அமைதியாக நடந்து செபிக்கும் இன்றைய வழக்கம் மிக அண்மையது. 1991இல் அமெரிக்கக் குருவாகிய லோரன் ஆர்ட்ரெஸ் அம்மையார் சார்த்தரிலே நாற்காலிகளை அகற்றி நடந்தார்; பின்னர் சன் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்துக்கென அவ்வடிவத்தைத் துணியில் வரைவித்தார். அதன்பின் அது ஆலயங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பரவிற்று. புதியதாயிருத்தல் பிரார்த்தனைக்கு இழுக்கன்று. அதற்குப் பொய்யான முதுமை தேடித் தருவதே இழுக்கு. சார்த்தரிலும் இப்போது ஆண்டிற் சில மாதங்கள், வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகள் அகற்றப்படுகின்றன. வருவோர் ஒருவர் பின்னொருவராய், பேச்சின்றி, அப்பதினொரு வளையங்களையும் நடந்து செல்கின்றனர்.