பற்றும் அதிர்வும்

ஓடையின் சலசலப்பைப் பாடாத மொழி அரிது. அந்த ஒலியின் பிறப்பிடத்தைக் கணக்கிட்டுச் சொன்னவரோ ஒரு வானியலாளர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சூரிய ஒளியை ஆராய்ந்துவந்த மார்சல் மின்னார்ட், 1933இல் எழுதிய கட்டுரையில், ஓடும் நீரில் பாடுவது அதில் சிக்கிய காற்று என்று நிறுவினார். குமிழிக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லாகிறது; சுற்றியுள்ள நீர் அவ்வில்லை இழுக்கும் எடையாகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி விநாடிக்கு ஏறத்தாழ 3,260 முறை விம்மித் தணியும்.

துளியின் வரலாறு இதற்கும் முந்தியது. 1879இல் ராலே பிரபு, நீர்த்தாரை உடைந்து சிதறும் துளிகளை ஆராய்கையில், பரப்பு இழுவிசையால் அவை அதிரும் விதத்தைச் சமன்பாடாக்கினார். அதன்படி ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளி, நீண்டும் தட்டையாகியும், விநாடிக்குச் சுமார் 120 முறை அதிரும்.

இவ்விருவரும் எடுத்துக்கொண்டவை எதையும் தொடாத கோளங்கள். நாம் அன்றாடம் காணும் துளிகளும் குமிழிகளுமோ இலைநுனியை, சன்னல் கண்ணாடியை, கொதிக்கும் பாத்திரத்தின் அடியைப் பற்றிக்கொண்டிருப்பவை. பற்று அதிர்வை என்ன செய்கிறது?

குமிழியைப் பொறுத்தவரை 1953இல் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு விடை அளித்தார். கடினமான சுவரைத் தொட்டுநிற்கும் குமிழியின் அதிர்வெண், தனித்த குமிழியினுடையதில் ஏறத்தாழ 83 விழுக்காடாகக் குறைகிறது. ஒருபுறம் சுவர் மறிப்பதால் நீர் விலகிச்செல்வது கடினமாகிறது. குமிழி அசைக்கவேண்டிய சுமை கூடுகிறது. சுருதி தாழ்கிறது.

துளியின் விடை இன்னும் வியப்பானது. ராலேயின் வரிசையில் முதல் அதிர்வின் அதிர்வெண் சுழியம். துளி முழுவதும் ஒருங்கே நகர்வதுதான் அது. தனித்த துளியை அவ்வாறு நகர்த்தினால் பழைய இடத்துக்கு மீட்டிழுக்க எதுவும் இல்லை. 1984இல் ஸ்ட்ரானியும் சபெட்டாவும், ஒரு குழிந்த தாங்கியில் பொருந்திய துளியைக் கணக்கிட்டபோது, அந்தச் சுழியம் உயிர்பெற்றது. தாங்கி பிடித்திருப்பதால் துளி எழும்பித் தாழ்கிறது. தனித்த துளியிடம் இல்லாத ஒரு மெல்லதிர்வு பிறக்கிறது.

பின்வந்தோர் பற்றின் தன்மையையே ஆராய்ந்தனர். துளியின் விளிம்பு பரப்பில் அசையாது ஒட்டிக்கொண்டால் அதிர்வு விரைவாகிறது. வழுக்கி நகர முடிந்தால் மந்தமாகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் ஒட்டாமை, இங்கே அளந்தறியக்கூடிய ஒன்றாகிறது. 2019இல் பால் ஸ்டீனும் அவருடைய சகாக்களும் பரப்பில் அமர்ந்த துளியின் அசைவுகளைத் தனிம அட்டவணை போன்ற ஓர் அட்டவணையாகவே அடுக்கிக்காட்டினர்.

பற்று என்றாலே தளை என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். சுவரைத் தொட்ட குமிழியின் சுருதி தாழ்வது அதற்கு இசைவாகவே தோன்றும். ஆனால் துளி மறுக்கிறது. எதையும் பற்றாத துளிக்கு அந்த முதல் அதிர்வு வாய்ப்பதே இல்லை.