ஐந்து வாட்

வானொலியின் வரலாற்றை ஒலிபரப்பியவர்களின் வரலாறாகத்தான் நாம் படித்திருக்கிறோம். மார்கோனி, பிபிசி, ஆகாசவாணி என்று எல்லாமே பெரிய கோபுரம், பெரிய மின்திறன். கேட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனால் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களிடம் போய்ச் சேர்வோம்.

1912-ல் ஓர் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழான அலைநீளங்களுக்குத் துரத்தியது. தூரம் போகாது, வியாபாரத்துக்கு ஆகாது என்று அன்று நினைத்த அலைகள் அவை. 1921 இறுதியில் அமெரிக்க அமெச்சூர் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது, பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு. ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, சுமார் 1300 அடி நீளக் கம்பியை இழுத்துக் கட்டி, குளிரில் ராத்திரி ராத்திரியாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கனெக்டிகட்டிலிருந்து வந்த மோர்ஸ் ஒலி அவருக்குக் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் சுமார் 100 மீட்டரில் ஒருவருக்கொருவர் பதிலே சொல்லிக்கொண்டார்கள். ஆகாது என்று ஒதுக்கிய அலைதான், மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டியது.

இன்று நவம்பரின் கடைசி வார இறுதியில் 48 மணி நேரம் நடக்கும் உலக மோர்ஸ் போட்டி இந்த மரபில் வந்ததுதான். 1948-ல் தொடங்கியது. அதில் பெரிய நிலையங்கள் 1500 வாட் வரை போடலாம். 'க்யூஆர்பி' பிரிவில் அதிகபட்சம் 5 வாட். வீட்டு எல்இடி பல்பே 9 வாட்! ஆனால் கணக்கு கொஞ்சம் கருணையானது. ரிசீவரின் அளவுமானியில் ஒரு படி ஏற, மின்திறன் நாலு மடங்காக வேண்டும். ஆக 300 மடங்கு வித்தியாசம் எதிர்முனையில் வெறும் நாலு படிதான். அந்த நாலு படியை ஈடுகட்டுவது அங்கே கேட்பவரின் பொறுமை. பந்தலூரில் நான் செய்வதெல்லாம் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே 20 மீட்டர் கம்பி கட்டிவிட்டுக் கூப்பிடுவதுதான். மீதி வேலை அவருடையது.

இந்த விளையாட்டை அரசுகள் ஒருபோதும் வெறும் விளையாட்டாகப் பார்த்ததில்லை. 1939-ல் போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் ரத்தாயின. கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலியை மூன்று மாதத்தில் போலீஸ் பிடித்தது. கேட்கலாம், ஆனால் சொல்ல அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் கதை தலைகீழானது. தொடர்பு பிடிக்கும் விளையாட்டுக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, சுனாமிக்குப் பிறகு அதே கருவிகளைக் கொண்டு அந்தமானின் செய்திகளை வெளியே சொன்னது.

கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையிலான இந்த வித்தியாசம் பந்தலூருக்குப் புதிதில்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. சேரம்பாடியும் சேரங்கோடும் அப்படி நிறைந்த ஊர்கள். ஹட்டனில் பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த என் அம்மாச்சியும் அவர்களில் ஒருத்தி. லயத்தில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்குமாம். அங்கே மழையா வெயிலா என்பதுகூடத் தெரியும். இவர்கள் பக்கத்திலிருந்து போனதெல்லாம் கடிதம்தான், அதுவும் போய்ச் சேர்ந்தால்.

போட்டி விதிப்படி வேறு கண்டத்தோடு தொடர்பு பிடித்தால் 3 மதிப்பெண், அதே கண்டத்தின் வேறு நாடு என்றால் 1. அதனால் தீவிரப் போட்டியாளர்கள் ஐரோப்பாவைத்தான் துரத்துவார்கள். மண்டலக் கணக்கில் இந்தியாவும் இலங்கையும் ஒன்றுதான், இரண்டுமே 22. ஒரு வருடம் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம் ஒன்று எனக்குக் கிடைத்தது. நான் '5என்என் 22' என்றேன், அவரும் '5என்என் 22' என்றார். மொத்தம் பத்து விநாடி, ஒரு மதிப்பெண்.

அம்மாச்சியிடம் சொன்னேன்.

"என்னடா பேசுனான்?"

"பேச்சில்ல அம்மாச்சி, டிட் டான்னு சத்தம்தான். நம்பர் மட்டும் சொன்னோம்."

"நீ சொன்னது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அந்த வருடப் பட்டியலில் நான் எங்கோ கீழே இருந்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.