குழப்படிக்காரப் பிள்ளை என்று கூறுமுன்…

வகுப்பறையில் ஐந்து நிமிடமேனும் அமர்ந்திராத பிள்ளை, சொன்னதை மறுகணமே மறந்துவிடும் பிள்ளை, பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, சட்டையின் தையல் உறுத்துகின்றதென்று அதனைக் கழற்றி எறியும் பிள்ளை ஆகியோரை நம் சமூகம் ‘குழப்படிக்காரர்’ என்று முத்திரை குத்துவதோடு நின்றுவிடுகின்றது. வளர்ப்புச் சரியில்லை எனத் தாய்மீது பழி சுமத்துவோரும் உளர். கண்ணூறு, ஜின், பேய் என்று கூறி நூல் கட்டுவதில் வருடக்கணக்கைக் கழிப்போரும் உளர். பிள்ளையின் மூளை விரைந்து வளரும் பொன்னான காலமே இவ்வாறு வீணாகின்றது.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உலகளவில் நூறு சிறுவருள் ஏறத்தாழ ஐவரிடம் காணப்படுகின்றது. அமெரிக்கத் தேசிய உளநல நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. ஏனைய பிள்ளைகளின் மூளைப் புறணியில் பாதிப் பகுதி ஏறத்தாழ ஏழரை வயதில் உச்சத் தடிப்பை அடைய, இக்குறைபாடுள்ளோரில் அது பத்தரை வயதிலேயே நிகழ்ந்தது. கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியில் இத்தாமதம் மிகுதியாக இருந்தது. வளர்ச்சியின் ஒழுங்கு மாறவில்லை, வேகமே குறைந்திருந்தது. எனவே இப்பிள்ளை அடம்பிடிக்கவில்லை, அவனுக்குக் காலமும் துணையும் தேவைப்படுகின்றன என்பதே உண்மை.

புலன் சார்ந்த சிரமம் இதனோடு சேர்ந்தும் வரலாம், தனித்தும் காணப்படலாம். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைச் சில பிள்ளைகளின் மூளை அளவுக்கு மீறி உணர்கின்றது. வேறு சிலரின் மூளை போதியளவு உணர்வதில்லை. தொழில்வழிச் சிகிச்சையாளரான ஜீன் அயர்ஸ் 1970களில் இதனை விரிவாக விளக்கினார். ஓட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாக இது 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் சேர்க்கப்பட்டது. இலங்கையின் அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. ஆகவே இது மேல்நாட்டு நோய் என ஒதுக்கத்தக்கதன்று.

கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் தமிழ், முஸ்லிம் மக்களாவர். இங்குள்ள பிள்ளையொன்றின் நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காலையில் பாடசாலை, பிற்பகலில் குர்ஆன் மத்ரஸா அல்லது அறநெறி வகுப்பு, மாலையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷன் என அவன் நாள் முழுவதும் அமர்ந்தே இருக்கின்றான். ஓடி விளையாட நேரமில்லை. எசல பெரஹரா நாட்களின் மேள முழக்கமும் தீப்பந்த ஒளியும் கசையடி ஓசையும் பலருக்குக் களிப்பூட்டுவன. புலன் கூர்மை மிகுந்த பிள்ளைக்கோ அவை தாங்கொணா வேதனையாகலாம். அத்தகைய பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே வற்புறுத்தி நிறுத்துவதால் அச்சம் தீராது.

பெற்றோர் செய்யத்தக்கவை பல. உறக்கம், உணவு, பாடம் ஆகியவற்றுக்கு மாறாத நேர ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே இடவேண்டும். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓடவும் ஏறவும், தண்ணீர் வாளி சுமக்கவும் ரொட்டி மா பிசையவும் இடமளிக்கலாம். நற்செயலை அக்கணமே பாராட்டுதல், அடியைவிடப் பன்மடங்கு பயன் தரும். இரும்புச்சத்துக் குறைபாடு கவனத்தைப் பாதிக்குமாதலால் கீரை, பருப்பு, மீன், முட்டை என்பன உணவில் இடம்பெற வேண்டும். இரண்டு வயது நிறையும்வரை தொலைபேசித் திரையைக் காட்டலாகாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. மூளையை வளர்க்கும் மாத்திரை, பானம் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கவேண்டாம்.

ஆசிரியர் அத்தகைய மாணவனை முன்வரிசையில், யன்னலுக்கும் கதவுக்கும் அப்பால் அமர்த்தலாம். கரும்பலகையைத் துடைத்தல், கொப்பிகளைச் சேகரித்தல் போன்ற பணிகளை அளித்தால் அவனது அசைவும் பயனுள்ளதாகும்.

ஐயம் எழுந்தால் முதலில் செவிப்புலனையும் பார்வையையும் பரிசோதிக்க வேண்டும். பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டி ஆலோசனை பெறலாம். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், நகரில் கண்டி தேசிய வைத்தியசாலையும் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகும். ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதற் சிகிச்சை என்பது இன்றைய மருத்துவ நெறி. மருந்து தேவைப்படின் அதனை நிபுணரே தீர்மானிக்க வேண்டும்.

எனினும் பேச்சுச் சிகிச்சையும் உளமதிப்பீடும் பிள்ளையின் தாய்மொழியில் நடைபெறாவிடின் பலன் அரைகுறையே. அக்குறணையிலிருந்தும் ஹந்தானைத் தோட்டத்திலிருந்தும் வரும் தாய், தன் பிள்ளையின் நிலையைத் தன் மொழியில் விளக்க இயலவேண்டும். தமிழில் பணியாற்றக்கூடிய சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிப்பதும், மலையகத்தில் நியமிப்பதும் அரசின் கடமை. ஐந்து முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என 2016இல் விதிக்கப்பட்ட நாட்டில், அமர்ந்திருக்க இயலாத பிள்ளைக்கும் வகுப்பறையில் உரிமை உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் அறங்காவலர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதனை உணர்த்த முன்வருதல் வேண்டும். ஒளித்து வைக்கப்படும் பிள்ளைக்கு எவராலும் உதவ முடியாது.