ஒளித்துகள் எண்ணிக்கையிலிருந்து அலைநீளம்

லேசர் கற்றையின் திறனும், அது நொடிக்கு உமிழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையும் தெரிந்தால், ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். வாட்டில் உள்ள திறனை அந்த எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஜூலில் கிடைக்கும். பிளாங்க் மாறிலியையும் ஒளிவேகத்தையும் பெருக்கி அந்த ஆற்றலால் வகுத்தால் வருவதே அலைநீளம். ஆற்றல் கூடக்கூட அலைநீளம் குறுகும்.

கல்லூரி ஆய்வகங்களுக்குப் பழக்கமான ஹீலியம்-நியான் லேசரையே எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 1 மில்லிவாட், ஃபோட்டான்கள் நொடிக்கு 3.186 × 10¹⁵ என்றால், ஒன்றின் ஆற்றல் சுமார் 3.14 × 10⁻¹⁹ ஜூல். அலைநீளம் ஏறத்தாழ 633 நானோமீட்டர், கண்ணுக்குச் சிவப்பு. அதே திறனுள்ள 532 நானோமீட்டர் பச்சை லேசர் நொடிக்கு 2.68 × 10¹⁵ ஃபோட்டான்களையே உமிழும். ஒவ்வொன்றும் கூடுதல் ஆற்றலைச் சுமப்பதால் எண்ணிக்கை குறைகிறது.

துடிப்பு லேசரில் திறனுக்குப் பதில் ஒரு துடிப்பின் ஆற்றலையும் அதிலுள்ள ஃபோட்டான்களையும் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கின் வேர் 1900-இல் மாக்ஸ் பிளாங்க் முன்வைத்த ஆற்றல் சிப்பக் கருத்து. 1905-இல் ஐன்ஸ்டைன் அதை ஒளிக்கே பொருத்தினார். 2019 முதல் பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-நொடி என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே பிழை நுழைவது மாறிலிகள் வழியாக அல்ல, திறனையும் எண்ணிக்கையையும் அளப்பதில்தான். இத்தனை கோடி கோடி ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி கிடையாது. எனவே ஆய்வகங்களில் அலைநீளத்தைக் கீற்றணியாலோ குறுக்கீட்டுமானியாலோ அளந்து, எண்ணிக்கையையே இந்தச் சமன்பாட்டால் பெறுவது வழக்கம்.