பரலும் சல்லியும்

கல்லைப் பற்றிய நம் வரலாற்றெழுத்து பெரும்பாலும் நிற்கும் கல்லைப் பற்றியது. கோயில் தூணுக்கும், கோட்டைச் சுவருக்கும், கல்வெட்டுக்கும் நூல்கள் உண்டு. உடைந்த கல்லை எழுத எவரும் முனைவதில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருவரை வண்டி ஏறி இறங்க ஒரு வழி போட வேண்டுமென்றால் நாம் தேடுவது இந்த உடைந்த கல்லைத்தான். அதைத் தொலைபேசியில் 'ஒரு லோடு சல்லி' என்று சொல்லி வாங்கிவிடுகிறோம். அந்த ஒரு லோடுக்குப் பின்னே மொழியும் நிலவியலும் பொறியியலும் அரசியலும் கிடக்கின்றன. குமரி மாவட்டத்தின் கடியப்பட்டணத்தை முன்வைத்து அவற்றைச் சற்றே கிளறிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடல்களின் பாலை வழிகளில் நடப்பவர் காலடியில் உறுத்துவது பரல். பருக்கைக்கல் நிறைந்த மேட்டு நிலத்துக்கு முரம்பு என்று பெயர். இன்று சாலைப் பொறியாளர்கள் சரளை மண்ணை 'முரம்' என்கிறார்கள். ஒலியளவில் இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. பரல் என்ற சொல்லுக்கோ இன்னொரு வாழ்வும் உண்டு. சிலம்பினுள் ஒலிப்பதும் பரல்தான். கண்ணகியின் சிலம்பிலிருந்த பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பிலிருந்தது முத்து என்னும் வேறுபாட்டில்தான் ஒரு நகரத்தின் நீதி தீர்மானமாயிற்று. காலை உறுத்தும் கல்லுக்கும் காலணிக்குள் ஒலிக்கும் மணிக்கும் ஒரே பெயர் வைத்த மொழி இது.

சல்லி பின்னால் வந்தது. சல்லிக்காசு என்றால் மிகச் சிறிய காசு. ஈழத்தமிழர் வழக்கில் சல்லி என்றாலே பணம். உடைத்த கருங்கல்லையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். எழுத்தில் பெரும்பாலும் 'ஜல்லி' ஆகிவிடுகிறது. கேரளத்திலும் அதையொட்டிய குமரிப் பகுதியிலும் இதற்கு 'மெட்டல்' என்றும் பெயர். கல்லை உலோகம் என்கிறார்களே என்று சிரிக்க வேண்டியதில்லை. இலத்தீனில் 'மெட்டாலும்' என்ற சொல் சுரங்கத்தையும் கல் வெட்டும் குழியையும் குறித்தது. சாலைக்குப் போடும் கல்லை ஆங்கிலேயர் அப்பொருளிலேயே மெட்டல் என்றனர். ஆக, கல் இறக்கும் தொழிலாளி தன்னை அறியாமலே ஈராயிரம் ஆண்டு பழைய சொல்லை அதன் சரியான பொருளில் வழங்கிக்கொண்டிருக்கிறார்.

இனி நிலம். கடியப்பட்டணம் முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே, வள்ளியாறு கடலைச் சேரும் பகுதியில் அமைந்த மீனவர் ஊர். நாஞ்சில் நாடு என்று பொதுவாக நாம் சொன்னாலும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களையே அப்பெயர் கண்டிப்பாகக் குறிக்கும்; கடியப்பட்டணம் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. முட்டத்துப் பாறைகளைத் தமிழகம் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) படங்களில் பார்த்திருக்கிறது. அந்தப் பாறைகளையொட்டி செம்மணல் மேடு. சற்று மேற்கே போனால் கறுப்பு மணல்.

இந்தச் சிறு பரப்பிலேயே ஒரு வழி போடத் தேவையான பொருள்களெல்லாம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அப்படியல்ல. கடற்கரை மணலில் சுமை தாங்கும் பிடிப்பு கிடையாது. சக்கரம் ஏறினால் விலகும். மேலும் அது அள்ளத்தக்க மணலும் அல்ல. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். தோரியம் கலந்த தாது அது. அன்று விளக்குத் திரிவலைக்குத் தேவைப்பட்டது, பின்னர் அணுசக்தித் துறையின் கவனத்துக்குரியதாயிற்று. காலடி மணல் உலகச் சந்தைக்குப் போய்விட, வீட்டு முற்றத்துக்கு வேண்டிய கல்லுக்கு இவ்வூரார் எப்போதும் கிழக்கிலும் வடக்கிலுமுள்ள மேட்டு நிலத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மேட்டு நிலம் தருவது இருவகைக் கல். ஒன்று, வெட்டுக்கல் என்று மலையாளிகளும் செம்புராங்கல் என்று தமிழர்களும் சொல்வது. பிரான்சிஸ் புக்கானன் 1800-இல் மலபாரின் அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். இலத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். நிலத்திலிருந்து செங்கல் போல் வெட்டி எடுத்து, காற்றுப்பட இறுகவிட்டுச் சுவர் வைத்தவர்களின் அறிவை அவர் மொழிபெயர்த்தார் என்றே சொல்ல வேண்டும். இது உதிர்ந்து உண்டாவதே செஞ்சரளை.

மற்றது கருங்கல். நாகர்கோவில் வட்டாரத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலிருந்து கொண்டுபோகப்பட்டது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். தமிழ்நாட்டுப் பாறைக்கு வங்காளத்தில் இறந்த ஆங்கில வணிகரின் பெயர். இக்கல் நீலம் கலந்த கருமையும் எண்ணெய் பூசியதுபோன்ற மினுக்கும் உடையது. மிகுந்த கடினம் வாய்ந்தது.

இக்கருங்கல் திருவிதாங்கூரில் முதலில் முழுக்கல்லாகவே பயன்பட்டது. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராகி, ஒரு குன்றையே சுற்றிவளைத்து உதயகிரிக் கோட்டையைக் கல்லால் வலுப்படுத்தினார். 1777-இல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் கல்லின் சாதனையே. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின். அரணும் அணையும் கல்லை அடுக்கின. சாலையோ கல்லை உடைத்தது.

கல்லை உடைத்துப் போட வேண்டும் என்பது இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தில் 1756-இல் பிறந்த ஜான் லவுடன் மெக்காடம், 1816-இல் பிரிஸ்டல் சுங்கச் சாலைகளின் கண்காணிப்பாளராகி இதை வற்புறுத்தும்வரை, உருண்டைக் கற்களையும் பெருங்கற்களையும் கொட்டுவதே பெருவழக்கு. உருண்டைக் கல் சக்கரத்தின் கீழ் உருளும். விளிம்புடைய சிறுகல் பக்கத்துக் கல்லோடு கவ்விக்கொள்ளும். வண்டிகள் ஓட ஓட இறுகும். ஒரு கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேல் இருக்கக் கூடாது என்பது அவர் விதி. உண்மையில் சுமை தாங்குவது ஈரமற்ற மண்தான். கல் அதற்குக் கூரை மட்டுமே என்பது அவருடைய இன்னொரு கருத்து. ஆகவே வடிகாலே முதன்மை. இவ்விதிகள் குடியேற்ற நாடுகளெங்கும் பரவின. சாலையோரம் குவித்த கல்லின் முன்னே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சுத்தியலோடு அமர்ந்த பெண்கள் நம் சாலைகளின் முதல் 'கிரஷர்'கள். அவர்கள் உடைத்த கனஅடிகளுக்குத்தான் கூலி. பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை.

மெக்காடம் கற்பித்தவை இன்றும் வீட்டு வழிக்குப் பொருந்தும். கடியப்பட்டணம் போன்ற மணற்பாங்கான ஊரில் சல்லியை நேரே மணல்மேல் கொட்டினால் ஓரிரு மழைக்காலத்தில் மணல் அதை விழுங்கிவிடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஆகவே மணலைச் சீவிச் சமன்செய்து, தெருப்பக்கமோ தோட்டப்பக்கமோ நீர் வடியச் சாய்வு கொடுத்து, செஞ்சரளை பரப்பித் திமிசடித்த பின்னரே சல்லி. அடியில் ஒன்றரை அங்குலச் சல்லி, அதாவது 40 மில்லிமீட்டர். மேலே முக்கால் அங்குலம், 20 மில்லிமீட்டர். நடப்பவர் கால் உறுத்தக் கூடாதென்றால் அரை அங்குலம். இரு ஓரங்களிலும் கல் பதிக்காவிட்டால் சல்லி பக்கவாட்டில் ஒழுகிவிடும். ஒரே அளவுச் சல்லிக் குவியலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு வெற்றிடமே. கிரஷர் தூள் அதை நிரப்பிக் கெட்டிப்படுத்தும். ஆனால் நீர் இறங்குவதையும் குறைக்கும். கடலோர ஊரில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக நிற்பது. முற்றத்தில் விழும் மழை கீழே இறங்க வேண்டும். சிமெண்டுத் தளத்தைவிடச் சல்லி வழி மேலானது என்பதற்கு இதுவே தலையாய காரணம். மேலடுக்கில் தூளைக் குறைப்பதே நலம்.

கணக்கு எளிது. 40 அடி நீளம், 10 அடி அகலம், அரையடி கனம் என்றால் 200 கனஅடி. 100 கனஅடி ஒரு யூனிட். ஆக இரண்டு யூனிட். இறுகும்போது குறைவதற்காக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 240 கனஅடி, எடையில் ஏறத்தாழ பத்து டன். வண்டியின் உட்பெட்டியை நீளம், அகலம், உயரம் அளந்து, மேற்பரப்பைச் சமன்செய்து, இறக்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். கொட்டிய குவியலைப் பார்த்து யூனிட் சொல்ல எவராலும் இயலாது. சப்பைக் கற்கள் மிகுதியாக இருந்தால் கவ்வாது, நொறுங்கும். கையில் எடுத்த கல் நீள அகல உயரத்தில் ஏறத்தாழ ஒத்திருப்பது நல்லது. பழுப்பேறி விரலில் மாவாக உதிர்வது மேற்பாறையின் மக்கிய கல். வீடுகள் நெருங்கிய கடற்கரைத் தெருவில் பெரிய டிப்பர் நுழையாது. டெம்போவில் பல நடைகளாக வருவதென்றால் ஒவ்வொரு நடையையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இத்தனை கேள்விகளையும் கேட்கும் நாம் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றுண்டு: இந்தப் பத்து டன் எந்த மலை? கருங்கல் சட்டத்தில் 'சிறுகனிமம்'. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. கல் ஏற்றிவரும் வண்டியில் நடைச்சீட்டு இருக்க வேண்டும். சல்லி வாங்குபவர் அந்தச் சீட்டைப் பார்க்கக் கேட்பது அதிகாரம் செலுத்துவதல்ல. மலைக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. நாஞ்சில் நாட்டு ஏரிகளும் குளங்களும் இந்தக் குன்றுகளில் விழும் மழையை நம்பியவை. மலை குறைந்தால் வயலும் குறையும்.

கடற்கரையின் நியாயமோ வேறு. அலை வீட்டுவாசலுக்கு வரும்போது மீனவர் கேட்பது கல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் குளச்சல், மணக்குடி மக்களிடம் கடற்சுவர் வேண்டாமென்று யார் சொல்ல முடியும்? தூண்டில் வளைவுகளும் அலைதடுப்புச் சுவர்களும் டன் கணக்கில் பாறையை விழுங்குகின்றன. ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட மணல் அடுத்த ஊர்க்கரைக்குப் போய்ச் சேராது. அங்கே அரிப்பு தொடங்கும். அங்கும் கல் கேட்பார்கள். இந்தத் தொடருக்கு முடிவில்லை.

இவற்றோடு 2015 டிசம்பரில் பணி தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகமும் சேர்ந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவருக்குக் கல் போதாமல் பணி தாமதமாயிற்று. குமரி, நெல்லை மலைகளின் கல்லும் எல்லை தாண்டிப் போயிற்று. கனிம லாரிகளுக்கு எதிராகக் குமரி மாவட்டத்தில் போராட்டங்கள் நடந்தன. 2022-இல் விழிஞ்ஞத்து மீனவர்களும் கடலரிப்பைச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார்கள். 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மலையை இழந்தவரும் கரையை இழந்தவரும் ஒரே கல்லின் இரு முனைகளில் நிற்பதை இவ்விரு போராட்டங்களும் காட்டின. அவர்கள் ஒன்றாகப் பேசியது மட்டும் குறைவு.

துறைமுகத்தின் முன்னே வீட்டு வழியின் பத்து டன் ஒரு சல்லிக்காசுதான். ஆயினும் நம் கையில் இருக்கும் காசு அதுவே. வழியின் அகலத்தை இரண்டடி குறைப்பது, அல்லது முழு அகலமும் போடாமல் சக்கரம் ஓடும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பரப்பி நடுவே புல் வளர விடுவது, இடித்த பழைய கட்டடத்தின் உடைகல்லை அடியடுக்குக்குப் பயன்படுத்துவது ஆகியவை தியாகங்கள் அல்ல, செலவையும் குறைப்பவை. மேலே சொன்ன 40 அடி வழியில் இரண்டிரண்டு அடித் தடங்கள் மட்டும் போட்டால் 80 கனஅடி போதும். இறுக்கத்துக்குச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மீதமுள்ள ஆறு டன்னும் மலையிலேயே இருக்கும். அதன்மேல் மழை பெய்யும்.