பழைய சிறீ

திருகோணமலை உள்துறைமுக வீதிக்கு அருகே ஒரு கராஜில் பழைய டொயோட்டா செலிக்கா ஒன்று விற்பனைக்கு நிற்கக் கண்டேன். இரண்டு கதவுகள் கொண்ட பந்தயத் தோற்றக் கார். அசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள், அதுவும் இயங்கவில்லை. உப்புக்காற்று அடித்தகட்டை அரித்திருந்தது. ஆனாலும் உரிமையாளர் விலையில் இறங்குவதாயில்லை. "ஐயா, இலக்கத்தகட்டைப் பாருங்கோ, பழைய சிறீ" என்றார்.

ஓடாத காருக்கு இத்துணை மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம் எல்லோரும் அறிந்ததே. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வெறுங்கூடும் பதிவுப் புத்தகமும் இருந்தாலே அது பணம். (மாற்றிய எஞ்சினின் இலக்கம் அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாராமல் வாங்குவோர், பெயர் மாற்றும்போது அலைய நேரும்.)

மற்றைய காரணம் அந்த எழுத்து. அதன் வரலாற்றை இந்த ஊர் தன் குருதியால் அறியும்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 ஜனவரி முதல் புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள 'சிறீ' இடம்பெற்றது. அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் நாள், சுதந்திர தினத்தைத் துக்கநாளாகக் கொள்ளுமாறு தமிழரசுக் கட்சி அழைத்திருந்தது. திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சற்றே அமைதி நிலவியது. 1958 மார்ச்சில் சிறீ பொறித்த அரச பேருந்துகள் வடக்குக்கு வந்ததும் தார்பூசும் போராட்டம் மூண்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளின் மீது தார் பூசினர். ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தமிழர் வேட்டையாடப்பட்டனர்.

1942இல் இதே ஏப்ரல் 9இல்தான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஜப்பான் இத்துறைமுகத்துக்கு முதலில் அனுப்பியது கார்களையல்ல.

கார்கள் பெருகியது, 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு இறக்குமதியைத் தளர்த்திய பிறகு. தமிழர் வாங்கிய கார்களிலும் அந்த எழுத்தே இருந்தது, வேறு வழியிருக்கவில்லை. பின்னர் புதிய தகடுகளிலிருந்து அது மறைந்தது. 2000இல் ஆங்கில எழுத்துகள் வந்தன. அவற்றின் மீது யாரும் தார் பூசவில்லை.

மறியலுக்குப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த எழுத்தைத் துடைத்து மெருகேற்றிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய வாகனத்துக்கு அதைவிடச் சிறந்த வயதுச் சான்று இல்லை. ஆனால் எழுத்தின் கதையை அவர்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தரகர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன் "எத்தனையாம் சிறீ?" என்றே கேட்கிறார்கள். எண் சிறிதானால் வண்டி மூத்தது, விலையும் கூடியது.